வாசிக்காமல் விட்ட மூன்று தாள்

கிள்ளான், பண்டமாரான் சாலை
20-2-1934

மாப்பிள்ளை ரெங்கசாமிக்குத் தம்புசாமி சொல்லி எழுதியது.

நலமா என்று கேட்கும் அளவுக்கு எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. ஆனாலும் என் தங்கை உங்கள் வீட்டில் இருக்கிறாள், அவளுக்காகக் கேட்டு வைக்கிறேன். இராஜம்மா நலமா?

தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் எல்லோரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்த நேரம் பார்த்து, "பக்கிரிசாமி மண்டோர் மகனுக்குப் பொண்ணக் குடுக்கப் போறீங்க, சரி. பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா மச்சான்?" என்று கேட்டீர்கள். ரோட்டு வேலைக் கூலிகளை மேய்க்கும் மண்டோர் பக்கிரிசாமி என் பக்கத்தில்தான் இருந்தார். வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றுவிட்டது அவருக்கு. நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன். நீங்கள் என் தங்கையையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் போய்விட்டீர்கள். நான் சொன்னது என்ன என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும், மறுபடி எழுத வேண்டியதில்லை.

இப்போது காரியத்துக்காக எழுதுகிறேன். அன்றைக்கு மலைப்படி இறங்கியதிலிருந்து என் மகள் சீதாலெட்சுமிக்கு உடம்பு சரியில்லை. காய்ச்சல் கிடையாது, இருமல் கிடையாது. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். கைவளை முழங்கை வரைக்கும் போய்வருகிறது. ஆஸ்பத்திரி மருந்து ஒரு பாட்டில் காலியாகிவிட்டது, பலன் இல்லை. அவள் அம்மா பவுனம்மாள் முனியாண்டி கோயில் பூசாரி அய்யாவுவைக் கூட்டி வந்தாள். அவர் விபூதி போட்டுப் பார்த்து, மலையில் ஏதோ தொட்டிருக்கிறது, ஒரு கறுப்புக் கிடாக்குட்டி வெட்டினால் விட்டுவிடும் என்றார். ஏப்ரல் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை வைத்திருக்கிறேன். அது முடிந்து சித்திரையில் பக்கிரிசாமி வீட்டார் பரிசம் போட வருகிறார்கள், வைகாசியில் கல்யாணம். அதற்குள் பெண் தேறிவிட வேண்டும்.

உங்கள் பிரிக்பீல்ட்ஸில் அச்சாபீஸ் இருக்கிறது. பூசைக்கு ஐம்பது நோட்டீஸ் அடித்து அனுப்புங்கள். நாலு வரி போதும். எனக்கு எழுத்துத் தெரியாதது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒன்பது வருடமாக எனக்கு வாசிப்பதும் எழுதுவதும் சீதாதான். இதையும் அவள்தான் எழுதுகிறாள், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

இப்படிக்கு,
தம்புசாமி


பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குவாட்டர்ஸ்
26-2-1934

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இராஜம்மா நலம் என்று எழுத எனக்கும் ஆசைதான். நீங்கள் எழுத வேண்டியதில்லை என்று விட்டதை நான் எழுதிவிடுகிறேன். "புள்ள பெத்தவனுக்குத்தான் அந்தக் கவலை தெரியும், உங்களுக்கு என்ன தெரியும்?" என்றீர்கள். என்னை மட்டும் வைத்துச் சொல்லியிருந்தால் தட்டிவிட்டுப் போயிருப்பேன். பக்கத்தில் உங்கள் தங்கை இருந்தாள். செந்தூல் தாண்டும்வரை ரயில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அழுதாள். பதினாலு வருடமாக எந்தக் கோயிலில் என்ன நேர்ந்துகொண்டாள் என்று உங்களுக்குத் தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் அவளே திருப்பிக் கொடுத்திருப்பாள். சொன்னது அண்ணன் என்பதால் பேசாமல் இருந்தாள். நீங்கள் வா என்று ஒரு வார்த்தை எழுதும்வரை நாங்கள் கிள்ளானுக்கு வருவதாக இல்லை.

நோட்டீஸ் ஐம்பதும் கிள்ளான் ரயில் கார்டிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உயிர்ப்பலி எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் எழுத்து நன்றாக விழுந்திருக்கிறது. கிடாக்குட்டி என்று போட்டால் பாசாரில் இறைச்சிக் கடைக்காரன் அடித்த நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். அதனால் "மறியறுத்து வழிபடல்" என்று போட்டிருக்கிறேன். பழைய சொல், பூசைக்குப் பொருத்தமான சொல். எங்கள் வாசகசாலையில் எல்லோரும் பாராட்டினார்கள்.

சீதா சாப்பிட வேண்டும் என்று அவள் அத்தை சொல்லச் சொன்னாள்.

அன்புள்ள,
ரெங்கசாமி


கிள்ளான்
5-3-1934

மாப்பிள்ளைக்கு,

நோட்டீஸ் வந்தது. நல்ல காகிதம். சண்டையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதாதது பெரிய மனுஷத்தனம். நானும் எழுதவில்லை.

ஆனால் இந்த நோட்டீஸை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே! கொடுத்த இடத்திலெல்லாம் நின்று விளக்கம் சொல்லியாக வேண்டியிருந்தது. லோரி ஓட்டும் இருளப்பன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மறியா? இது என்னா லா, மீனு பேரா?" என்கிறான். பக்கிரிசாமி மண்டோர் நாலாவது வரை படித்தவர். அவருக்கும் தெரியவில்லை, தெரியாது என்று சொல்லவும் மனமில்லை, "ஆமா ஆமா, நல்ல பூசைதான்" என்று மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர், ஆட்டுக்குத் தழை கொடுப்பவர், அவருக்கு மலாயில் சொல்லி நான் புரிய வைத்தேன். தமிழருக்குத்தான் முடியவில்லை. உங்கள் வாசகசாலையைக் கிள்ளானுக்கு அனுப்பி வையுங்கள், வீடு வீடாகப் போய்ச் சொல்லட்டும்.

இருபத்திரண்டு வருடமாக ஆட்டோடு ஆடாகக் கிடக்கிறேன். முப்பத்தாறு உருப்படி இருக்கிறது இப்போது. சினை பிடித்த நாளிலிருந்து பால் மறக்கும்வரை எதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியும். இந்தப் பேரை ஒரு ஆட்டுக்காரனும் சொல்லி நான் கேட்டதில்லை. சீதா நோட்டீஸை வாசிக்கும்போது அந்தச் சொல்லில் நின்றாள். "அர்த்தம் என்னம்மா?" என்றேன். "ஆட்டுக்குட்டின்னு நோட்டீஸ் போக்குலயே தெரியுதுப்பா. ஏன் அந்தச் சொல்லுன்னு மாமாகிட்டதான் கேக்கணும்" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் ஒன்றைக் கேட்க வேண்டும் என்று சொன்னதால் எழுதுகிறேன். விவரமாக எழுதுங்கள்.

குட்டியைப் பார்த்து வைத்துவிட்டேன். மூன்று மாதம், ஒரு வெள்ளை மயிர் கிடையாது. சீதா இரண்டு நாளாகக் கஞ்சி மட்டும் குடிக்கிறாள். இதை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு மை வற்றிவிட்டது என்கிறாள். மைக்கூடு நிறைய இருக்கிறது.

தம்புசாமி


பிரிக்பீல்ட்ஸ்
11-3-1934

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

சண்டையைப் பற்றி நான் எழுதவில்லை என்கிறீர்கள். அரைப் பக்கம் எழுதினேன். காதில் விழாதது போல இருப்பது உங்களுக்குப் புதிதல்ல, இருக்கட்டும்.

சொல்லைப் பற்றிக் கேட்டது மட்டும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு வருடமாக ரயில்வே சரக்குப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் யாரும் ஒரு சொல்லைப் பற்றி விவரமாக எழுதுங்கள் என்று கேட்டதில்லை. கேட்டுவிட்டீர்கள், இனி நீங்கள் தப்ப முடியாது.

மறி என்றால் ஆட்டுக்குட்டி. மான்குட்டிக்கும் அதே பெயர் உண்டு. சிவபெருமான் கையில் துள்ளி நிற்கிறதே, அதையும் மான்மறி என்றுதான் பாடுவார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிராணியின் குட்டிக்கும் எந்தப் பெயர் பொருந்தும் என்று வரிசையாக இலக்கணமே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் உங்கள் கொட்டகைக்கு வந்திருந்தால் உங்களோடு பொழுது போவது தெரியாமல் பேசியிருப்பார்கள்.

ஆனால் பாட்டில் இந்தச் சொல் எங்கே வருகிறது என்பதுதான் விசேஷம். மலைச்சாரலில், பாறைமேல், தாயோடு துள்ளிக்கொண்டு வருவது உண்டு. அதைவிட மனதில் நிற்பது வேறு இடம். ஒரு வீட்டில் வயசுப் பெண் ஒருத்தி சாப்பிடாமல் மெலிந்து கிடக்கிறாள். வளை கழன்று விழுகிறது. நெற்றி வெளுத்துவிட்டது. தாய் பயந்துபோய் வேலனைக் கூப்பிடுகிறாள். வேலன் என்றால் கையில் வேல் பிடித்த பூசாரி. முற்றத்தில் புது மணல் பரப்பி, சிவப்புப் பூ கட்டித் தொங்கவிட்டு, கழற்சிக்காயை உருட்டிக் குறி பார்க்கிறான். முருகன் பிடித்திருக்கிறான் என்கிறான். அப்போதுதான் மறியைக் கொண்டுவருகிறார்கள். அந்தக் காலத்து முருகன் இன்றைக்கு மாதிரிப் பால்குடத்தோடு விடுகிறவன் இல்லை. குட்டியை அறுத்து, இரத்தத்தில் தினையைப் பிசைந்து இறைப்பார்கள்.

தாய் கும்பிடுகிறாள். ஊரே கும்பிடுகிறது. இரண்டு பேர் மட்டும் கும்பிடவில்லை மச்சான். ஒன்று அந்தப் பெண், இன்னொன்று அவள் தோழி. அவர்களுக்குத்தான் உண்மை தெரியும். அவளைப் பிடித்தது முருகனும் இல்லை, மலையும் இல்லை. அவள் மனசில் ஒருவன் இருக்கிறான். வீட்டில் வேறு இடத்தில் பேச்சு நடக்கிறது. சொல்ல வாயில்லை, அதனால் சோறு இறங்கவில்லை. தோழிக்கு வேலனைப் பார்த்தால் சிரிப்பு, குட்டியைப் பார்த்தால் பரிதாபம். பாவம், தான் யாருக்காகச் சாகிறோம் என்று அதற்கும் தெரியாது, அறுக்கிறவனுக்கும் தெரியாது. பூசை முடிந்த பிறகும் பெண் தேறமாட்டாள். எப்படித் தேறுவாள்?

கடைசியில் தோழி தாயிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவாள். அதற்கு இலக்கணத்தில் அறத்தொடு நிற்றல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோள் சொல்வது என்று வைக்கவில்லை பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

நாலு தாள் ஆகிவிட்டது. இராஜம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சமையல் கட்டுக்கு வேண்டுமாம். இதெல்லாம் சொல்லுக்காகச் சொன்ன கதை. நம் சீதாவுக்கு வெயிலில் படியேறிய பித்தம்தான், இளநீர் கொடுங்கள்.

அன்புள்ள,
ரெங்கசாமி


கிள்ளான்
16-3-1934

மாப்பிள்ளைக்கு,

விவரமாக எழுதச் சொன்னேன். நீங்கள் எழுதியது இவ்வளவுதானா? மறி என்றால் ஆட்டுக்குட்டி, மானுக்கும் அதே பேர், சிவன் கையில் இருக்கிறது, இளநீர் கொடுங்கள் என்று சீதா வாசித்து முடித்துவிட்டாள். உறைக்குள்ளிருந்து நாலு தாள் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். இரண்டு பக்கமும் எழுத்து. "இவ்வளவுதானாம்மா?" என்றேன். "மாமா எழுத்து பெரிசு பெரிசா எழுதியிருக்காருப்பா" என்றாள். வயசாகிறது உங்களுக்கு, கண்ணாடி போடுங்கள்.

வாசித்து முடித்ததும் கிணற்றடிக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. பவுனம்மாள் போய்ப் பார்த்தாள். முகம் கழுவிக்கொண்டிருந்தாளாம். இளநீர் வாங்கிக் கொடுத்தேன், பாதியைக் குட்டிக்கு வைத்துவிட்டாள். பக்கிரிசாமி மண்டோர் பரிசத்துக்குச் சித்திரை பத்து நல்ல நாள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன்.

தம்புசாமி


பிரிக்பீல்ட்ஸ்
20-3-1934

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

கண்ணாடி போடுகிறேன். இங்கே மழை. இராஜம்மா நலம். பூசை நல்லபடி நடக்கட்டும்.

சீதா, இதுவரைக்கும் அப்பாவுக்கு வாசி. இதற்குக் கீழே உள்ளது உனக்கு. நீ எப்படியும் விட்டுவிட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டாய், இன்றைக்கு நானே விடச் சொல்கிறேன்.

என் எழுத்து எறும்பு எழுத்து என்று ஆபீஸில் துரை திட்டாத நாள் இல்லை. நாலு தாளை நாலு வரியாக்கினாய் என்று உன் அப்பா எழுதியதும், நான் கையில் வைத்திருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். முதல் தாளை வாசித்திருக்கிறாய். கடைசி வரியை வாசித்திருக்கிறாய். நடுவில் உள்ளதை மடித்துவிட்டாய். அந்தப் பெண்ணின் கதை உன் கதையாக இல்லாவிட்டால் நீ சிரித்துக்கொண்டே வாசித்திருப்பாய்.

பத்துமலையில் பொண்ணுகிட்ட கேட்டீங்களா என்று கேட்டேனே, அது என் கொள்கைக்காகக் கேட்டது. உன் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நீ அப்போது இலையை மடித்துக்கொண்டிருந்தாய், பாதிச் சோறு உள்ளேயே இருந்தது என்று உன் அத்தை இப்போது சொல்கிறாள். அவள் பார்த்திருக்கிறாள், நான் பேசிக்கொண்டிருந்தேன். பெண்ணுக்காகப் பேச வந்தவன் பெண்ணைப் பார்க்கவில்லை என்று நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். உன் அப்பா முரடன், கெட்டவன் இல்லை. அவரிடம் சொல்லிப் பார்க்காமல், அவர் மன்னிக்கமாட்டார் என்று நீயே முடிவு கட்டக் கூடாது. அந்த மூன்று தாளையும் ஆறாம் தேதிக்குள் நீயே அவருக்கு வாசித்துக் காட்டு. நீ வாசிக்காவிட்டால், அவர் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், சித்திரை பிறப்பதற்குள் நான் வந்து வாசிப்பேன். பாட்டில் தோழிக்கு மீசை கிடையாது, கிள்ளானில் இருக்கட்டும்.

உன் மாமா,
ரெங்கசாமி


கிள்ளான்
8-4-1934

மாப்பிள்ளைக்கு,

இதைச் சீதாதான் எழுதுகிறாள். ஒரு சொல்லும் விடாமல் எழுது என்று முன்னால் உட்கார்ந்து சொல்கிறேன். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்கிறேன். விட்டாளா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை பூசைக்கு எழுபது பேருக்கு மேல் வந்தார்கள். குட்டிக்கு மாலை போட்டு முனியாண்டி முன்னால் நிறுத்தினோம். அய்யாவு பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். தண்ணீர் பட்டதும் குட்டி உடம்பைச் சிலிர்க்க வேண்டும், அப்போதுதான் சாமி உத்தரவு. அது சிலிர்க்கவில்லை. இரண்டாவது சொம்பு, மூன்றாவது சொம்பு. காதைக்கூட ஆட்டவில்லை. தன் கழுத்து மாலையை எட்டிப் பிடித்து அரளிப்பூவாகத் தின்ன ஆரம்பித்தது. என் பட்டியில் பிறந்த ஆடு, தூறல் விழுந்தாலே உதறும். பூசாரி ஒரு குடத்தையே கவிழ்த்தார், அவர் வேட்டிதான் நனைந்தது. அவர் கத்தியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "தம்புசாமி அண்ணே, உங்க வீட்ல யாரோ ஒரு பேச்ச உள்ளயே வெச்சிருக்காங்க. அது வெளிய வராம இவரு வாங்கமாட்டாரு" என்றார். பக்கிரிசாமி மண்டோர் என்னைப் பார்த்தார். நான் பவுனம்மாளைப் பார்த்தேன். அவள் சீதாவைப் பார்த்தாள். பூசணிக்காய் உடைத்து, வந்தவர்களுக்குச் சாம்பார் சோறு போட்டு அனுப்பினோம். குட்டிக்கு அரளி விஷம் இறங்கும்வரை புளித்தண்ணீர் ஊற்றினேன். பிழைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து வெயில் தாழ நான் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது சீதா வந்தாள். கையில் உங்கள் நாலு தாள். "அப்பா, அன்னிக்கு முழுசா வாசிக்கல. இப்ப வாசிக்கிறேன்" என்றாள். வாசித்தாள்.  ஒரு இடத்தில் நின்று, மறுபடி அந்த வரியிலிருந்தே தொடங்கினாள். 

முதலில் எனக்கு வந்தது உங்கள்மேல் கோபம். என் வீட்டு விஷயத்தைப் பாட்டில் தேடிக் கண்டுபிடிக்க நீங்கள் யார்? அப்புறம் அவள்மேல் வந்தது. மனசில் ஒருத்தன் இருக்கிறான் என்பதற்காக இல்லை மாப்பிள்ளை, அது பிறகு. ஒன்பது வருடமாக இவள் வாய் சொன்னதைத்தான் நான் உலகம் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். "இன்னும் என்னென்ன விட்ட?" என்று கேட்டேன்.  அவள் பயப்படாமல் சொன்னாள்: "உங்களுக்கு நோவுற வரிய விட்டிருக்கேன்பா. மாமா நோட்டீஸ் அனுப்பினப்ப எழுதினதுல அத்தை அழுதத விட்டேன். நீங்க கூப்பிட்டாத்தான் வருவோம்னு எழுதியிருந்தாரு, அதையும் விட்டேன்."

அந்தக் கடிதத்தையும் எடுத்து வாசிக்கச் சொன்னேன். செந்தூல் வரைக்கும் அழுதாள் என்று கேட்டேன். மாப்பிள்ளை, நான் சொன்னது தப்பு. கூட்டத்தில் மானம் போகிறதே என்ற ஆத்திரத்தில் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்தேன், அது என் தங்கைமேல் போய் விழுந்தது. அவளைத் தூக்கி வளர்த்தவன் நான். இரண்டு பேரும் வாருங்கள். நான் கூப்பிட்டேன் என்று சீதா எழுதிவிட்டாளா பாருங்கள்.

நேற்றுக் காலை பக்கிரிசாமி மண்டோர் வீட்டுக்குப் போய்ப் பேச்சை நிறுத்திவிட்டு வந்தேன். பெண்ணுக்குச் சம்மதம் இல்லை என்றே சொன்னேன், நோய் என்று பொய் சொல்லவில்லை.  காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றார் அவர். குடித்துவிட்டு வந்தேன்.

யார் அவன் என்று சீதாவைக் கேட்டேன். வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள். பவுனம்மாள் மிரட்டியும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். கடைசியில் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து எழுதச் சொல்லிவிட்டு நான் ஆட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எழுதினாள். நானே சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி இதோடு வைத்திருக்கிறேன். வெளியாள் எவனிடமும் இதைக் கொடுத்து வாசிக்கச் சொல்ல முடியாது. நீங்கள் பிரித்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள். நேரில் வந்து சொல்லலாம் என்று நினைக்காதீர்கள், அதுவரை என்னால் பொறுக்க முடியாது.

எந்த ஊர், எந்தச் சனம் என்று பார்க்கமாட்டேன், வேலை இருந்து குடி இல்லாதவனாக இருந்தால் போதும் என்று இப்போது சொல்கிறேன். பேரைக் கேட்ட பிறகும் இந்தச் சொல் நிற்குமா என்று எனக்கே நிச்சயம் இல்லை. அதனால்தான் கேட்பதற்கு முன்னாலேயே எழுதி வைக்கிறேன்.

தம்புசாமி


பிரிக்பீல்ட்ஸ்
11-4-1934

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் கூப்பிட்டதைச் சீதா எழுதிவிட்டாள். இராஜம்மா அந்த இடத்தை எட்டு முறையாவது வாசிக்கச் சொல்லியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியில் வருகிறோம். அவள் இப்போதே முறுக்கு சுட ஆரம்பித்துவிட்டாள்.

துண்டுத் தாளைப் பிரித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெண்ணைக் கேட்டீர்களா என்று ஊரைக் கேட்கிற இந்த வாய், அந்தப் பேரைப் பார்த்ததும் மூட மறந்துவிட்டது. இராஜம்மாவிடம் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வேறு ஒரு பேரை, நம் பக்கத்துப் பேராகப் பார்த்து, எழுதி அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து சமாளிக்கலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. நீங்கள் வாசிக்கத் தெரியாதவர், நான் எழுதியதுதான் உங்களுக்கு. சீதா ஏன் வரிகளை விட்டாள் என்று அப்போது எனக்குப் புரிந்தது. எவ்வளவு சுலபம், மச்சான்! அன்பு இருந்தால் இன்னும் சுலபம்.

ஆனால் நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே உங்கள் சொல்லை எழுதி வைத்தீர்கள். அப்படி எழுதி வைத்தவரை ஏமாற்ற எனக்குக் கை வரவில்லை.

ஆளை எனக்குத் தெரியும். கிள்ளான் ஸ்டேஷன் சரக்குக் கொட்டகையில் வேலை. அவன் எழுதும் சரக்குச் சீட்டுகள் என் மேஜைக்குத்தான் வருகின்றன. இரண்டு வருடத்தில் அடித்தல் திருத்தல் ஒன்று பார்த்ததில்லை. குடி கிடையாது. தகப்பன் இல்லை, தாய்க்கு நெஞ்சில் சளி. அந்தத் தாய்க்காகத் தினமும் காலையில் உங்கள் கொட்டகைக்கு வந்து ஆட்டுப்பால் வாங்கிப் போகிறவன். சீதாதான் ஊற்றிக் கொடுக்கிறாள். உங்கள் ஆட்டையும் தெரியும் அவனுக்கு, உங்களையும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலுக்குப் போகிறவன். இதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அப்படியும் பேரைச் சொல்லத்தான் வேண்டும்.

சீதா, இதை வாசிப்பது நீ என்று எனக்குத் தெரியும். நீ சொல்ல முடியாமல் எழுதினாய், அப்பா வாசிக்க முடியாமல் எனக்கு அனுப்பினார், நான் உன்னிடமே திருப்பி அனுப்புகிறேன். வேறு வழி இல்லையம்மா, அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். தலையைத் தூக்கிக்கொள். மச்சான், அவள் வாசிக்கும்போது நீங்கள் ஆட்டுப் பக்கம் திரும்பிக்கொள்ளாதீர்கள், அவள் முகத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு என்ன சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள்.

ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன், சீதா. அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி வாசி.

அம்புரோஸ்.